மாதாவுக்குக் கொடுத்த உப்பின் கனம்

போக்குவரத்துப் போலீஸ் விசாரணைப் பிரிவு, சிங்கப்பூர். 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை 9.40 மணிக்குத் தாமாகவே வந்து ஆஜரான கீழ்க்கண்டவர் தமிழில் சொல்லச் சொல்ல, ஸ்டாஃப் சார்ஜெண்ட் பாலகிருஷ்ணன் எழுதியது.

பெயர்: அருளானந்தம். தகப்பனார் பெயர்: சந்தியாகு. வயது: 46. மதம்: கத்தோலிக்கர். படிப்பு: தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை. தொழில்: கனரக லாரி ஓட்டுநர், சென்ற ஜூன் மாதம் முதல், அதற்கு முன் பத்தொன்பது வருடம் ரொட்டி வேன் ஓட்டுநர். முகவரி: கிளமெண்டி அவென்யூ 4, ஏழாவது மாடி. அடையாள அட்டை பார்க்கப்பட்டது.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி அல்போன்சம்மாளுடனும் பள்ளியில் படிக்கும் மகள் உர்சுலாவுடனும் வசித்து வருகிறேன். என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. இம்மாதம் 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பரலோக மாதா ஆலயத் திருவிழாவில் சப்பரம் போலீஸ் கார் மீது மோதிய விஷயத்தில், சிலுவைராஜ் என்பவர் முட்டுக்கட்டை வைக்காமல் அஜாக்கிரதையாக இருந்ததாக அவர் மீது வழக்குப் போடப்போகிறார்கள் என்று நேற்று கேள்விப்பட்டேன். அவர் கட்டை வைத்தார். நான் பார்த்தேன். அதைச் சொல்லவே வந்தேன். ஊர்வல பெர்மிட்டில் வண்டிக்குப் பொறுப்பாளர் என்று என் பெயர் இருப்பதால், இதைச் சொன்னால் வழக்கு என் பக்கம் திரும்பலாம் என்றும், என் லாரி லைசென்ஸ் போகலாம் என்றும் சார்ஜெண்ட் முதலிலேயே எச்சரித்தார். புரிகிறது என்று சொன்னேன். அதன் பிறகு சுருக்கமாகச் சொல்லும்படி சொன்னார். சுருக்கமாகச் சொன்னால் சிலுவைராஜ் குற்றவாளி என்றுதான் முடியும், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

சிலுவைராஜ் என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. வயது 39. தெம்பனிசில் புது வீடுகள் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறான். மச்சான் முறை ஆகையால் நான் அவன் இவன் என்றுதான் சொல்லுவேன். எழுதுகிறவர் மரியாதைக் குறைவாக எழுதிவிட்டார் என்று பிறகு யாரும் சார்ஜெண்டைக் குறை சொல்லக்கூடாது. எனக்கும் அவனுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் கேட்கப்பட்டது. 1975இல் நானும் அவனும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் லாரிப் பரீட்சைக்குப் போனோம். நான் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்தேன். அவன் தேறினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த எல்லாருக்கும் அவன் சாக்லேட் கொடுத்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். அதிலிருந்து பேச்சு இல்லை. சாக்லேட் கொடுத்தது ஒரு குற்றமா என்று சார்ஜெண்ட் கேட்டார். சிரித்துக்கொண்டே கொடுத்தான் என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு நான் ஐந்து தடவை அதே பரீட்சைக்குப் போய் ஐந்து தடவையும் தவறினேன். ஆக மொத்தம் ஆறு. ஏழாம் தடவைக்குப் போகும் முன் ஒரு வயதான சீன ஆசிரியரிடம் பயிற்சிக்குப் போனேன். அவர் மலாயில்தான் பேசுவார். நான் காலி லாரியையும் கல் ஏற்றிய லாரியையும் ஒரே மாதிரி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, நீ இன்னும் ரொட்டி ஏற்றிக்கொண்டு போவதாகவே நினைக்கிறாய் என்று திட்டினார். பிறகு, "பெராட் டுவா காலி, லாஜு சத்தெங்கா" என்று சொல்லிக்கொடுத்தார். கனம் இரண்டு மடங்கு ஆனால் வேகத்தைப் பாதியாக்கு என்று பொருள். கனத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் தொகைதான் லாரி, அதைத்தான் பிரேக் நிறுத்த வேண்டும், கனத்தை மட்டும் பார்க்கிறவனும் வேகத்தை மட்டும் பார்க்கிறவனும் ஆளைக் கொன்றுவிடுவான் என்றும் சொன்னார். இதை நான் ஒரு தாளில் எழுதி வேனின் கண்ணாடி மேல் ஒட்டிவைத்து நான்கு மாதம் படித்தேன். சென்ற மே மாதம் தேறினேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது என்பதற்காக இதை இங்கே சொல்கிறேன்.

நான் தேற வேண்டும் என்று என் மனைவி அல்போன்சம்மாள் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். எங்கள் சப்பரத்தில் சனங்கள் உப்பும் மிளகும் மெழுகுதிரியும் வைப்பது வழக்கம். சாதாரணமாக ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு. அல்போன்சம்மாள் புருஷனுடைய எடைக்கு எடை உப்பு தருவதாக நேர்ந்துகொண்டாள். ஆறு தடவை பொட்டலம் உப்புக்கு மாதா இறங்கி வராததால் இப்படிச் செய்ததாக என்னிடம் சொன்னாள். ஜூலை மாதம் பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி அவர்களின் அரிசித் தராசில், சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, என்னை நிற்கவைத்து எடை போட்டார்கள். தொண்ணூற்று இரண்டு கிலோ. செருப்போடு நின்றேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது அடுத்த ஞாயிறு ஆலயத்தில் பரவிவிட்டது. முதலில் கேட்டவள் சிலுவைராஜின் மனைவி ரோசம்மா. நாத்தனார் தன் புருஷனை நிறுத்துக் கொடுத்தால் என் புருஷன் மட்டும் இளைத்தவனா என்று அவளும் நேர்ந்துகொண்டாள். சிலுவைராஜ் ஐம்பத்தெட்டு கிலோ. உண்மையிலேயே இளைத்தவன்தான். அதன் பிறகு பாடகர் குழு, அதன் பிறகு மரியாயின் சேனைச் சங்கத்துப் பெண்கள், இப்படியே போய், திருவிழாவுக்குள் இருபத்தாறு பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கோவிந்தசாமி அவர்களின் தராசில் ஏற்றி இறக்கினார்கள். அவர் இந்து. ஆனாலும் பக்தியோடு செய்தார். யார் வீட்டுக்காரர் எத்தனை கிலோ என்று ஒரு தாளில் எழுதி, மூட்டை மூட்டையாக உப்பைத் தன் சொந்த வேனிலேயே கொண்டுவந்து ஆலய வாசலில் இறக்கினார். அந்தத் தாளை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு கிலோ. வழக்கு நடந்தால் தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று இருபத்தாறு பேரும் என் மூலம் கேட்டுக்கொள்கிறார்கள்.

(பதிவு செய்பவர் குறிப்பு: மேற்படி தாள் பெறப்பட்டு, மடித்து, உறையில் வைக்கப்பட்டது.)

சப்பரம் எப்படிப்பட்டது என்று கேட்கப்பட்டது. அது ஒரு பழைய மூன்று டன் லாரியின் அடிச்சட்டம். இஞ்சினும் முன்பக்கமும் கழற்றப்பட்டவை. அதன் மேல் மர மண்டபம், மண்டபத்தில் மாதா சுரூபம். நான்கு ரப்பர் டயர் உண்டு. பிரேக் கிடையாது. முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். மேட்டில் முன் வடத்தை இழுப்பார்கள், இறக்கத்தில் பின் வடத்தைப் பிடிப்பார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஒருவர் முன் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை வைப்பார். அந்தக் கட்டை இடித்துப்போட்ட மர வீட்டின் உத்திரத்தில் அறுத்தது. பதினோரு வருடமாக அதை வைப்பவன் சிலுவைராஜ். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதைச் சொல்வதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை, ஆனால் உண்மை.

போன வருடம் சப்பரமும் காணிக்கையும் சேர்த்து ஆயிரம் கிலோ இருக்கும். சனங்கள் உற்சாகத்தில் ஓட்டமும் நடையுமாக, மணிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும், அப்படி இழுத்தார்கள். கட்டை வைத்ததும் நின்றது. இந்த வருடம் போலீஸ் பெர்மிட்டில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நான் பொறுப்பாளர் என்ற முறையில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். ஒத்திகையின்போது கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வடம் பிடிப்பவர்களை அளந்து நடக்கப் பழக்கினேன். வேகத்தைப் பாதியாக்கிவிட்டோம், ஆகவே போன வருடத்தைவிட இந்த வருடம் இரண்டு மடங்கு பத்திரம் என்று பங்குத்தந்தை அலெக்சாண்டர் அடிகளாரிடம் நானே சொன்னேன். அவர் திருப்தியடைந்தார். பெர்மிட்டில் வேகத்துக்கு ஒரு வரி இருந்தது. கனத்துக்கு வரி இல்லை.

சம்பவ நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு நல்ல மழை பெய்து நான்கு மணிக்கு விட்டது. அதன் பிறகு உப்பு மூட்டைகளைச் சப்பரத்தில் ஏற்றினோம். அவற்றோடு அரிசி மூட்டைகள், மிளகு, ஆள் உயர மெழுகுதிரிகள் எல்லாம் ஒரு நானூறு கிலோ. சப்பரம் எண்ணூறு. மொத்தம் மூவாயிரம். இந்தக் கணக்கை நான் சம்பவத்துக்குப் பிறகுதான் போட்டேன். லாரியில் இத்தனை மூட்டை ஏற்றியிருந்தால் முதல் மூட்டையிலேயே எண்ண ஆரம்பித்திருப்பேன். அன்று ஏன் எண்ணவில்லை என்று சார்ஜெண்ட் இரண்டு தடவை கேட்டார். பதில்: காணிக்கையைச் சப்பரத்தில் வைத்த மறுநிமிடம் அது மாதாவுடையது. அது நம்முடைய சரக்கு இல்லை. அதற்குப் பிறகும் அதற்குக் கனம் இருக்கும் என்று எனக்கு மட்டுமல்ல, அங்கே நின்ற நானூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலும் ஒருத்தி நேர்ந்துகொண்டு கொண்டுவந்ததை, கனமாக இருக்கிறது திருப்பிக் கொண்டுபோ என்று யார் சொல்வது. என் பெண்சாதியுடையதுதான் முதல் இரண்டு மூட்டை.

நானூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று மேலே சொன்னது பிழை. ஒருவனுக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சுமார் ஐந்து மணிக்கு சிலுவைராஜ் சப்பரத்தைச் சுற்றி வந்தான். டயர்களைக் குனிந்து பார்த்தான். கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நான் நின்ற இடத்துக்கு வந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்து, "யாருக்கும் சொல்லல. டயரு பாதி உக்காந்திருச்சு. இந்தக் கனத்துக்கு இந்தக் கட்ட பத்தாது. பாதி மூட்டைய எறக்கிட்டு ரெண்டு நடையா எடுக்கலாம்" என்று சொன்னான். நான் அதே கம்பத்தைப் பார்த்து, "வேகத்தப் பாதியா கொறச்சாச்சுலா. கட்ட வைக்கிறவரு கட்டைய மட்டும் பாத்தா போதும்" என்று சொன்னேன். அவன் கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் ஒன்பது வருடமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம், கம்பம், சுவர், சோற்றுப் பானை, எது நடுவில் இருக்கிறதோ அதனிடம். ஆகவே அவன் என்னை எச்சரிக்கவில்லை என்று வக்கீல் யாராவது வாதாடினால் அது எடுபடாது. எனக்குத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது. அவன் சொல்வது சரி என்றும் அப்போதே மனசுக்குள் பட்டது. ஆனால் சொன்னது அவனாக இருந்ததால் நான் ஏற்கவில்லை.

அதன் பிறகு ஐந்தரை மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. எமிலி மலைப் பக்கம் ஆலய வாசலிலிருந்து செலிகி சாலைக்கு இறங்கும் சந்து லேசான சரிவு. சந்தின் கீழ் முனையில் போக்குவரத்தை மறிப்பதற்காக ஒரு போலீஸ் கார் குறுக்கே நிறுத்தப்பட்டிருந்தது. அதன் அந்தப் பக்கத்தில், இரண்டடி தள்ளி, சாக்கடை. காரின் பக்கத்தில் கார்ப்பரல் ஜமால் முகம்மது நின்றுகொண்டிருந்தார். காருக்கு நாற்பது அடி முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருந்தோம். அந்தக் கோட்டில் சப்பரம் நின்று, மாதா மன்றாட்டு பாடி, பிறகு திரும்ப வேண்டும்.

சப்பரம் பெர்மிட்டில் சொன்ன வேகத்தில்தான் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கிழவி பக்கத்திலேயே செபமாலை உருட்டிக்கொண்டு மூச்சு வாங்காமல் நடந்து வந்தார். பின் வடத்தை இருபது பேர் பிடித்திருந்தார்கள். கோடு வந்ததும் நான் கை காட்டினேன். சிலுவைராஜ் இடது முன் சக்கரத்தின் கீழ், கோட்டின் மேலேயே, நேராகக் கட்டையை வைத்தான். ஒரு அங்குலம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் மேலே சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சப்பரம் நிற்கவில்லை. ஓடவும் இல்லை. முன்பு வந்த அதே நடையில் தொடர்ந்து வந்தது. சக்கரம் கட்டையில் ஏறாமல், ஈரத் தார்ச்சாலையில் கட்டையைத் தள்ளிக்கொண்டே வந்தது. பின் வடம் பிடித்த இருபது பேரும் சாய்ந்து உட்காருகிற மாதிரி இழுத்தார்கள். ஜப்பான் செருப்பு என்கிற ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் இருபது பேரும் உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பங்குத்தந்தை ஒலிபெருக்கியில், "ஏன் நிறுத்தல" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லவும் நேரம் இருந்தது. அதன் பிறகு சனங்கள் "அருள் நிறைந்த மரியே" சொல்ல ஆரம்பித்து அதை முழுசாகச் சொல்லி ஆமென் வரைக்கும் வந்தார்கள். கார் மீது மோதியது ஆமென்னுக்குப் பிறகுதான்.

இதற்கிடையில் கார்ப்பரல் ஜமால் முகம்மது சாலையின் நடுவில் வந்து வலது கையை உயர்த்திச் சப்பரத்தை நிற்கச் சொல்லிக் காட்டினார். அவர் மேல் தப்பு இல்லை. அவ்வளவு மெதுவாக வருகிற ஒன்று, கையைக் காட்டினால் நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது நிற்காததைப் பார்த்து இடது கையையும் உயர்த்தினார். பிறகு ஒதுங்கிப் போய், காரின் மேல் வைத்திருந்த தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். அதற்கும் நேரம் இருந்தது.

நான் சக்கரத்தை மறிக்க நினைத்து, கட்டைக்கு முன்னால் என் வலது காலைக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. பரீட்சையில் தேறியவன் செய்கிற காரியம் இல்லை. அப்போது சிலுவைராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். "அத்தான், கால எடுங்க" என்று கத்தினான். நடுவில் கம்பம் இல்லை, சுவர் இல்லை. நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நான் சாலையில் விழுந்தேன். கட்டை என் கால் இருந்த இடத்தைத் தாண்டிப் போய் காருக்கு அடியில் நுழைந்து சாக்கடையில் விழுந்தது. மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய் ரோச்சோர் கால்வாயில் சேர்த்திருக்க வேண்டும். ஆகவேதான் போலீஸார் தேடியபோது கட்டை கிடைக்கவில்லை. சப்பரம் காரைத் தொட்டு, தொட்ட பிறகும் தள்ளிக்கொண்டே போய், இரண்டடியில் காரின் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் சாக்கடையில் இறங்கியதும் நின்றது. மாதா சுரூபம் அசையவில்லை. யாருக்கும் காயம் இல்லை. கார்ப்பரல், "காடி லோங்காங்ல போயிருச்சு" என்று, அதாவது கார் சாக்கடையில் இறங்கிவிட்டது என்று, வயர்லெஸ்ஸில் சொன்னார். எந்த வேகத்தில் மோதியது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். நடை வேகம் என்று நான் சொன்னேன். அதை அவர் வயர்லெஸ்ஸில் சொல்லவில்லை.

நடை வேகத்தில் வந்த வண்டி, கட்டை வைத்தும் நிற்காமல் ஒரு காரைத் தள்ளியது என்பதை மேலதிகாரிகள் நம்பமாட்டார்கள், ஒன்று வேகமாக வந்திருக்க வேண்டும், அல்லது கட்டை வைத்திருக்கக் கூடாது, இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி சார்ஜெண்ட் கேட்டார். இரண்டும் இல்லை என்று சொன்னேன். விளக்கிக் காட்ட அனுமதி கேட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு காலி மைலோ மாவு டின்னும் பிரிக்காத ஒரு பெரிய மைலோ டின்னும் இருந்தன.

(பதிவு செய்பவர் குறிப்பு: வாக்குமூலம் கொடுப்பவர் காலி டின்னை மேஜையில் வேகமாக உருட்டினார். நான் ஒரு விரலால் நிறுத்தினேன். அதன் பிறகு நிறைந்த டின்னை அதில் பாதி வேகத்தில் உருட்டினார். ஒரு விரல் போதவில்லை. என் தேநீர் கொட்டியது. அதனால் இந்தப் பக்கத்தின் இரண்டாம் பாதி மறு தாளில் எழுதப்படுகிறது.)

மேற்கண்டபடி செய்துகாட்டிய பிறகு நான் சொன்னதாவது: காலி டின் வேகமாக வந்தும் நின்றது, கனமான டின் மெதுவாக வந்தும் நிற்கவில்லை. ஆகவே வேகத்தை மட்டும் கேட்டால் பதில் வராது. போன வருடம் ஆயிரம் கிலோ, ஆறு கிலோமீட்டர். பெருக்கினால் ஆறாயிரம். இந்த வருடம் மூவாயிரம் கிலோ, மூன்று கிலோமீட்டர். பெருக்கினால் ஒன்பதாயிரம். நான் வேகத்தைப் பாதியாக்கினேன், எங்கள் பெண்கள் கனத்தை மூன்று மடங்காக்கினார்கள். போன வருடத்து ஓட்டத்தைவிட இந்த வருடத்து நடை ஒன்றரை மடங்கு பெரிது. ஆறாயிரத்தை நிறுத்துகிற கட்டையை ஒன்பதாயிரத்துக்கு வைத்தோம், அதுவும் ஈரத்தில், அதுவும் இறக்கத்தில், இறக்கமும் கனத்துக்குத் தகுந்தபடி தள்ளும். கட்டை வைத்தவன் தப்பு இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இதற்குப் பெயர் உண்டா என்று சார்ஜெண்ட் கேட்டார். சீன ஆசிரியர் பெயர் எதுவும் சொல்லவில்லை, என் மகள் உர்சுலாவின் புத்தகத்தில் மொமெண்டம் என்று இருக்கிறது என்று சொன்னேன். தமிழில் உந்தம் என்று தாம் படித்ததாக சார்ஜெண்ட் சொல்லி அப்படியே எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. கட்டை வைத்தான் என்று நான் சொன்னால், பிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். கனம் என்று சொன்னால், யார் ஏற்றியது, யார் பொறுப்பாளர் என்று கேட்பீர்கள். ஒன்பது வருடம் கழித்து வந்த லைசென்ஸ், மூன்று மாதம்தான் ஆகிறது. பயந்தேன். ஆலயத்தில் எல்லாரும் சிலுவைராஜ்தான் அக்காள் புருஷன் மேலிருந்த கடுப்பில் கட்டையை வைக்காமல் விட்டான் என்று பேசினார்கள். நான் மறுக்கவில்லை. முதல் இரண்டு நாள் அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளலாம். வேலைத்தளத்தில் அவனைக் கிரேனில் ஏற விடாமல், கீழே நின்று கொடி காட்டுகிற வேலை கொடுத்துவிட்டார்கள் என்று அல்போன்சம்மாள் சொல்லி அழுதாள். அப்போதும் பேசாமல் இருந்தேன். நேற்று ரோசம்மா வந்து அவன் உங்களிடம் என்ன வாக்குமூலம் கொடுத்தான் என்று சொன்னாள். "கட்டை வைத்தேன்" என்ற இரண்டு வார்த்தைதான் சொன்னானாம். கம்பத்திடம் சொன்னதை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அன்றே தப்பித்திருப்பான், நான் மாட்டியிருப்பேன். ரோசம்மா ஏன் என்று கேட்டதற்கு, அத்தானுக்கு இப்பத்தான் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது என்று சொன்னானாம். அதைக் கேட்டதற்குப் பிறகு என்னால் இரவுச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆகவே கட்டை சரியாக வைக்கப்பட்டது. எச்சரிக்கை எனக்குத் தரப்பட்டது. சுமை என் பொறுப்பில் ஏற்றப்பட்டது. வழக்கு யார் மீது என்றால் என் மீது போடவும். லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

(பதிவு செய்பவர் குறிப்பு: லைசென்ஸ் புத்தகம் மேஜை மீது வைக்கப்பட்டது. யாரும் கேட்கவில்லை. மேலதிகாரியின் முடிவு தெரியும்வரை திரும்ப எடுத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. எடுத்துக்கொள்ளவில்லை.)

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. ஒன்று உண்டு. இந்த வாக்குமூலத்தை சிலுவைராஜுக்கு ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். சாட்சியின் வாக்குமூலத்தை அப்படி வாசித்துக் காட்ட விதியில் இடமில்லை என்றும், வேண்டுமானால் நானே அவனிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சார்ஜெண்ட் சொன்னார். எங்களுக்குள் பேச்சு இல்லை என்று மறுபடியும் சொன்னேன். அவர் உங்களிடம் பேசிவிட்டார், பேசாமல் இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று சார்ஜெண்ட் சொன்னார். அது உண்மை. வெளியே பெஞ்சில் சிலுவைராஜ் இரண்டாவது விசாரணைக்காக வந்து உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். அவன் அங்கே இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. மிச்சத்தை அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் சொன்னது எல்லாம் எனக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டது. யாருடைய பயமுறுத்தலும் ஆசை வார்த்தையும் இல்லாமல், என் சொந்த புத்தியோடு, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) அருளானந்தம்

என் முன்னிலையில் கையொப்பம் இடப்பட்டது. நேரம் பகல் 12.15. வாக்குமூலம் கொடுத்தவர் வெளியே சென்று பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்து சிலுவைராஜை 12.20க்கு அழைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து வருவதாக இருவரும் சொன்னார்கள். 1.05க்கு வந்தார்கள்.

(ஒப்பம்) பாலகிருஷ்ணன், ஸ்டாஃப் சார்ஜெண்ட்